குப்பைமேனியும் அதன் சொந்தக்காரரும்: தாவரக் குடும்பம் என்றால் என்ன?

திருகோணமலையில் மாரி மழை இரண்டு தரம் நிலத்தை நன்றாக நனைத்துவிட்டால் போதும். கிணற்றடி, வேலியோரம், குப்பை கொட்டும் மூலை, பழைய மதிலின் அடி என்று மண்ணில் கொஞ்சம் உக்கல் சேர்ந்த இடமெல்லாம் குப்பைமேனி முளைத்துவிடும். உப்புவெளிப் பக்கத்து வெறும் கடல்மணலில் அதை அவ்வளவாகக் காண முடியாது. உள்ளே பாலையூற்று, தம்பலகாமம் என்று வர வர வளவுக்கு வளவு நிற்கும். தை, மாசி வரை பச்சையாக நின்று, கச்சான் காற்று வீசி நிலம் காயத் தொடங்கியதும் வாடிப்போகும். தண்ணீர் ஓடும் வாழையடியிலும் கிணற்று வாய்க்காலோரத்திலும் மட்டும் வெயில் காலத்திலும் தாக்குப்பிடிக்கும்.

இந்தச் செடியைத் தெரியாத வீடு நம் பக்கத்தில் குறைவு. சொறி சிரங்குக்கு அரைத்துப் பூசியிருப்பார்கள். இல்லாவிட்டால் முற்றம் கூட்டும்போது பிடுங்கி எறிந்திருப்பார்கள். ஆனால் ஆமணக்கு, மரவள்ளி, கள்ளி, இறப்பர் மரம், கண்டல் காட்டுத் தில்லை ஆகிய எல்லாவற்றுக்கும் இது நெருங்கிய சொந்தம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. முழங்கால் உயரப் பூண்டுக்கும் வானுயர்ந்த இறப்பர் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? அதை எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்? அதுதான் இந்தக் கட்டுரை. தாவரக் குடும்பம் என்பது பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணும் நீண்ட பெயராகவே பலருக்கு முடிந்துபோகிறது. உண்மையில் அது கண்ணால் பார்த்து, நகத்தால் கிள்ளி, தானே அறிந்துகொள்ளக்கூடிய விஷயம். அதற்குக் குப்பைமேனியை விட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. காசு வேண்டாம், காட்டுக்குப் போக வேண்டாம், பிடுங்கினாலும் யாரும் ஏசமாட்டார்கள்.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் பிடிப்போம். குப்பைமேனி ஓராண்டுப் பூண்டு. இலை முட்டை வடிவம், ஓரம் முழுக்கச் சிறு சிறு பற்கள். இலைக்காம்பைக் கவனியுங்கள். கீழே உள்ள இலைகளில் காம்பு இலையளவு நீளம், சிலவேளை இலையை விடவும் நீளம். மேலே போகப் போகக் காம்பு குறுகிக்கொண்டே வரும். அதனால் செடியை நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால், ஒன்றையொன்று மறைக்காமல், எல்லா இலைக்கும் வெயில் படும்படி பரப்பி வைத்ததுபோல் தெரியும். இந்த அடுக்கு ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால், பிறகு ஒழுங்கையில் நடந்து போகும்போதே குப்பைமேனியைச் சொல்லிவிடலாம்.

குப்பைக்கீரையோடு இதை மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில், ஏறக்குறைய ஒரே உயரத்தில் வளர்பவை. குப்பைக்கீரையின் இலையோரத்தில் பல் கிடையாது. இலை நுனியில் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கும். அதன் பூக்கதிர் பெரும்பாலும் செடியின் உச்சியில் நீட்டிக்கொண்டு நிற்கும். குப்பைமேனியின் கதிரோ இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கங்களிலிருந்து கிளம்பும். கீரை ஆய்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். காரணத்தைக் கீழே மருந்து பற்றிச் சொல்லும் இடத்தில் சொல்கிறேன்.

இனிக் கதிருக்கு வருவோம். விரலளவு நீளமான ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் வையுங்கள். கைக்கண்ணாடி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தொலைபேசிக் கமராவில் பெரிதாக்கிப் பார்த்தாலும் போதும்.

கதிரில் இரண்டு பகுதி இருக்கும். மேற்பகுதியில் பச்சை கலந்த வெண்மையாய், பொடி ஒட்டினதுபோல் நெருக்கமாக இருப்பவை ஆண்பூக்கள். ஒவ்வொன்றும் குண்டூசித் தலையை விடச் சிறியது. பூவிதழ் என்று எதுவும் இல்லை. நான்கு சின்னப் புல்லிகள், உள்ளே 8 மகரந்தக் கேசரங்கள், அவ்வளவுதான். அந்தக் கேசரங்களின் மகரந்தப் பைகள் புழுப்போல் நெளிந்து சுருண்டிருக்கும். குப்பைமேனியின் இனமான அகலிபா முழுவதற்கும் இது பொதுவான குணம். அந்த இனத்தில் உலகெங்கும் 400க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. வீட்டு வாசல்களில் அழகுக்கு வளர்க்கும், சிவப்பாய் நீளமாய்த் தொங்கும் பூனைவால் செடியும் அதில் ஒன்றுதான்.

கதிரின் கீழ்ப்பகுதியில் ஆங்காங்கே பச்சைக் கிண்ணங்கள் நிற்கும். சுண்டுவிரல் நகத்தளவு, அரைவட்டம், விளிம்பில் பற்கள். பலர் இதைத்தான் குப்பைமேனியின் பூ என்றோ காய் என்றோ நினைக்கிறார்கள். இது பூவுக்கு அடியில் இருந்து பூவைப் பொத்தி வைத்திருக்கும் ஓர் இலை. பூவடியிலை என்று சொல்லலாம். அதை நகத்தால் மெதுவாக விரித்துப் பாருங்கள். அடியில் ஒட்டிக்கொண்டு, மிளகிலும் சிறிதாய், மயிர் மூடிய ஓர் உருண்டை தெரியும். அதுதான் பெண்பூவின் சூலகம். அதன் தலையில் கிழித்துவிட்ட நூல்போல் வெண்மையான மெல்லிய நார்கள் நீட்டிக்கொண்டிருக்கும். காற்றில் பறந்து வரும் மகரந்தத்தைப் பிடிக்கும் வலை அது. குப்பைமேனி காற்றை நம்பிக் காய்க்கிற செடி. வண்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் காட்ட அதற்கு நிறமான இதழ் தேவைப்படவில்லை.

இப்போது அந்தச் சூலகத்தை மேலிருந்து பாருங்கள். வட்டமாக இருக்காது. மூன்று புடைப்புகள் தெரியும். கொஞ்சம் முற்றிய காயாய் எடுத்துக் குண்டூசியால் பிரித்தால் உள்ளே மூன்று அறைகள், அறைக்கு ஒரேயொரு விதை. இவ்வளவு சின்னக் காயில் இதைப் பார்க்கும்போது எனக்கு இப்போதும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. காரணம், ஆமணக்கங்காயைப் பிளந்தாலும் இதேதான் இருக்கும்: மூன்று அறை, அறைக்கு ஒரு கொட்டை. இறப்பர்க் காயிலும் இதே மூன்று. காட்டாமணக்கிலும் இதே மூன்று.

கதிரின் உச்சி நுனியில் சிலவேளை இன்னொரு விசித்திரம் இருக்கும். கீழே உள்ள பெண்பூக்களைப் போல் கிண்ணம் இல்லாமல், முற்றிலும் வேறு உருவத்தில், ஒரு தனிப் பெண்பூ காம்பின் நுனியில் நிற்கும். மாற்றுருவப் பூ என்று தாவரவியலார் சொல்வார்கள். எல்லாக் கதிரிலும் கிடைக்காது. பிள்ளைகளோடு தேடினால் நல்ல பொழுதுபோக்கு.

சரி, குடும்பம் என்றால் என்ன? ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து வந்த செடிகளின் கூட்டம். காலப்போக்கில் ஒன்று மரமாகும், ஒன்று பூண்டாகும், ஒன்று இலையை விட்டுவிட்டு முள்ளோடு நிற்கும். இலையும் உயரமும் தண்டும் வெயில், மழை, மண் ஆகியவற்றுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். பூவின் கட்டமைப்பும் காயின் கட்டமைப்பும் அவ்வளவு சுலபத்தில் மாறுவதில்லை. ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவன் நெட்டை, ஒருத்தி கட்டை, ஒருவர் கறுப்பு, ஒருவர் மாநிறம் என்று இருந்தாலும், மூக்கைப் பார்த்து "நீ இன்னாரின் பேரனெல்லே?" என்று ஊரில் மூத்தவர்கள் கேட்டுவிடுவார்கள் அல்லவா? தாவரவியலாருக்கு அந்த மூக்கு பூவும் காயும். சுவீடனைச் சேர்ந்த லின்னேயஸ் 1753ல் குப்பைமேனிக்கு அகலிபா இண்டிகா என்று இரண்டு சொல் பெயர் வைத்தார். பிரான்சைச் சேர்ந்த ஜூசியூ 1789ல் இந்தக் கூட்டத்துக்கு யூபோர்பியேசியே என்று குடும்பப் பெயரை வகுத்தார். நாம் ஆமணக்குக் குடும்பம் என்று சொல்வது அதைத்தான். இன்றைய கணக்கில் அதில் 6,000க்கு மேற்பட்ட வகைகள் இருக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு பிழையான நம்பிக்கையைத் தீர்த்துவிட வேண்டும். கிள்ளினால் பால் வந்தால் ஆமணக்குக் குடும்பம் என்று பலர் நினைக்கிறார்கள். கள்ளியில் பால் வருகிறது, இறப்பரில் வருகிறது, அம்மான் பச்சரிசியில் வருகிறது, அதனால் அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால் குப்பைமேனித் தண்டை ஒடித்துப் பாருங்கள், பால் வராது. ஆமணக்கிலும் வெள்ளைப் பால் கிடையாது. மறுபக்கம், எருக்கலையில் பால் கொட்டும். அது வேறு குடும்பம். ஆலமரத்தில் பால் உண்டு. அது அத்தி, பலாவோடு சேர்ந்தது. பப்பாசிக் காயைக் கீறினாலும் பால்தான்; அதுவும் வேறு. பால் என்பது காயத்தை மூடவும் கடிக்கிற பூச்சியை விரட்டவும் பல குடும்பங்கள் தனித்தனியே கண்டுபிடித்த வழி. அதை வைத்துச் சொந்தம் சொல்ல முடியாது.

ஒரேயொரு இடத்தில் மட்டும் பால் கைகொடுக்கும். முள்ளோடு தடித்து நிற்கும் சதுரக்கள்ளியையும் நாகதாளியையும் ஒன்றாக நினைப்பவர்கள் அதிகம். கள்ளியில் பால் உண்டு, அது குப்பைமேனியின் சொந்தம். நாகதாளியில் பால் இல்லை, அது அமெரிக்காவிலிருந்து வந்த கக்டஸ் குடும்பம். வறண்ட நிலத்தில் வாழப் பழகியதால் இரண்டும் ஒரே தோற்றம் எடுத்துக்கொண்டன. தோற்றத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இனித் திருகோணமலையில் இதன் சொந்தக்காரரைத் தேடுவோம். ஆமணக்கு வீதியோரத்திலேயே நிற்கும். அதன் பூங்கொத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. குப்பைமேனியில் பெண்பூ கீழே, ஆண்பூ மேலே என்று பார்த்தோம். ஆமணக்கில் நேர் எதிர்: சிவந்த நார்களோடு பெண்பூக்கள் மேலே, மஞ்சள் பொடிபோன்ற ஆண்பூக்கள் கீழே. இடம் மாறினாலும் சட்டம் மாறவில்லை. ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஒரே பூவுக்குள் இரண்டும் சேர்ந்திருக்காது. மூன்றறைக் காய்க்கு அடுத்தபடி இந்தக் குடும்பத்தின் இரண்டாவது அடையாளம் இதுதான். மரவள்ளியிலும் காட்டாமணக்கிலும் குரோட்டனிலும் இதையே காணலாம். மரவள்ளி பூத்துக் காய்த்ததைப் பலர் பார்த்திருக்க மாட்டார்கள், கிழங்குக்காக நடுகிறவர்கள் மேலே அண்ணாந்து பார்ப்பதில்லை. அடுத்த தரம் தோட்டத்துக்குப் போனால் பாருங்கள். அதன் காயும் மூன்று அறைதான்.

அம்மான் பச்சரிசி கொஞ்சம் ஏமாற்றும். நிலத்தோடு படிந்து வளரும் இந்தச் சின்னச் செடியின் பூ என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு பூ இல்லை. மிகச் சிறிய ஒரு கிண்ணத்துக்குள் ஒரு பெண்பூவும், ஒற்றைக் கேசரம் மட்டுமே மிஞ்சிய சில ஆண்பூக்களும் கூட்டுக் குடும்பமாக இருக்கின்றன. கள்ளிகளும் இதே முறைதான். கிண்ணத்துக்கு வெளியே காம்போடு வளைந்து தொங்கும் சின்ன உருண்டையைப் பார்த்தால், மறுபடியும் மூன்று புடைப்பு.

எனக்கு மிகவும் பிடித்த சொந்தக்காரர் தில்லை மரம். கொட்டியாரக் குடாப் பக்கமும் தம்பலகாமக் குடாப் பக்கமும் கண்டல் காடுகளில் உப்புத் தண்ணீரை அண்டி நிற்கும். உதிரப்போகும் இலைகள் சிவந்து தெரியும். சிதம்பரத்தின் தலமரமும் இதுவேதான். குப்பைமேனியில் ஒரே கதிரில் ஆணும் பெண்ணும் இருக்க, தில்லையில் ஆண் மரம் தனி, பெண் மரம் தனி. பெண் மரத்தில் தேடினால் சிறிய மூன்றறைக் காய் கிடைக்கும். ஆனால் கவனம்: கிளையை ஒடிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே மங்கிப்போகும்; தோலில் பட்டால் கொப்புளிக்கும். கண்டல் பக்கம் விறகு வெட்டுகிறவர்களும் மீன்பிடிக்கப் போகிறவர்களும் இதை நன்றாக அறிவார்கள்.

இறப்பர் மரத்தை நம் பக்கத்தில் காண முடியாது. ஈரவலயத்தில் களுத்துறை, கேகாலைப் பக்கம் போக வேண்டும். பிரேசிலிலிருந்து எடுத்து இலண்டன் கியூ பூங்காவில் முளைக்கவைத்த கன்றுகள் 1876ல் கம்பகாவுக்குக் கிட்ட ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. தோட்டத்தில் வெயில் ஏறும் நேரம் இறப்பர்க் காய் வெடிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஆமணக்கங்காயும் காய்ந்தால் வெடித்துக் கொட்டையைத் தூர எறியும். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலான காய்களின் வழக்கம் இது. காய் காய்ந்து மூன்று துண்டாகப் பிளந்து சிதற, நடுவில் ஒரு சின்னத் தூண் மட்டும் காம்பில் மிஞ்சி நிற்கும். கீழே கொட்டுண்ட ஆமணக்குக் குலையில் அந்தத் தூண்களைத் தேடிப் பாருங்கள்.

மூன்று அறை என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடவும் கூடாது. முடக்கொத்தான் காயை எடுத்தால் அதிலும் மூன்று அறை, அறைக்கு ஒரு விதை. ஆனால் அது காற்றடைத்த பைபோன்ற காய், பூவில் வெள்ளை இதழ்கள் உண்டு, பற்றிப் படரச் சுருள்கம்பி உண்டு. அது வேறு குடும்பம். ஓர் அடையாளம் சந்தேகத்தைக் கிளப்பும். இரண்டு மூன்று அடையாளங்கள் சேர்ந்தால்தான் முடிவு சொல்லலாம். ஆண்பூ பெண்பூ வேறு வேறா, காய் மூன்றறையா, அறைக்கு ஒரு விதையா, பிளந்தபின் நடுத்தூண் நிற்கிறதா என்று வரிசையாகக் கேட்டுப் பாருங்கள்.

இதில் "அறைக்கு ஒரு விதை" என்ற கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கீழ்காய்நெல்லி சாட்சி. மஞ்சள் காமாலைக்குத் தேடிப் பிடுங்கும் அந்தச் செடி குப்பைமேனிக்குப் பக்கத்திலேயே முளைக்கும். பழைய பாடப்புத்தகங்களில் அதுவும் ஆமணக்குக் குடும்பம்தான். நெல்லி மரமும் அப்படித்தான். ஆனால் கீழ்காய்நெல்லியின் காயில் அறைக்கு இரண்டு விதை, மொத்தம் ஆறு. நெல்லிக்கொட்டையை உடைத்தாலும் ஆறு. மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி வந்தபின், அறைக்கு இரண்டு சூல் உள்ள இந்தக் கூட்டம் தனிக் கிளையென்று தெளிவாகி, நெல்லிக் குடும்பம் என்று பிரித்துவிட்டார்கள். மூத்த ஆசிரியர்கள் கீழ்காய்நெல்லியை ஆமணக்குக் குடும்பம் என்று சொன்னால் அது அவர்கள் படித்த காலத்துப் பாடம். இன்று பரீட்சை எழுதும் பிள்ளைகள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

மனிதர் இந்தக் கணக்கெல்லாம் போடுவதற்கு வெகுகாலம் முன்பே பூச்சிகள் குடும்பத்தை அறிந்திருக்கின்றன. ஆமணக்கு இலையில் முள்முள்ளாய் ஒரு பச்சைப் புழு இருக்கும். அது வளர்ந்து செங்கபில நிறத்தில், நெளிகோடுகளோடு ஒரு வண்ணத்துப்பூச்சியாகும். இதே புழு தின்னும் இன்னொரு செடி காஞ்சோண்டி. தொட்டால் சுணைக்கும் அந்தக் கொடியும் ஆமணக்குக் குடும்பம்தான். ஆமணக்கையும் காஞ்சோண்டியையும் பக்கத்தில் வைத்தால் மனிதர் கண்ணுக்கு ஒற்றுமையே தெரியாது. தாய்ப்பூச்சி காலால் இலையைத் தொட்டுச் சுவைத்து, உள்ளே இருக்கும் இரசாயனங்களைக் கொண்டு முட்டையிட இடம் தேர்கிறது.

குப்பைமேனி நம் மண்ணுக்கு உரிய செடியா, வந்தேறியா என்று கேட்பவர்களுக்கு: உரியதுதான். இலங்கை, இந்தியா, ஆபிரிக்காவின் வெப்பப் பகுதிகள் எல்லாம் அதன் சொந்த நிலம். மேலே சொன்ன சொந்தக்காரரில் மரவள்ளியும் இறப்பரும் காட்டாமணக்கும், ஏன், எங்கும் கிடக்கும் அம்மான் பச்சரிசியும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. வளவில் தானாக முளைப்பதெல்லாம் உள்ளூர்ச் செடி என்று எண்ணிவிட முடியாது.

பூனையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குப்பைமேனிக் கட்டுரை முழுமையாகாது. செடியை வேரோடு பிடுங்கி முற்றத்தில் போட்டுப் பாருங்கள். இலையைப் பூனை பொருட்படுத்தாது. வேரில் முகத்தை வைத்துத் தேய்த்து, கடித்து, உருண்டு புரண்டு ஒரு கூத்தே நடத்தும். பூனைவணங்கி என்றும் இதற்குப் பெயர் உண்டு. எல்லாப் பூனையும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

இனி மருந்து. குப்பைமேனி இலையை உப்போ மஞ்சளோ சேர்த்து அரைத்துச் சொறி, சிரங்கு, பூச்சிக்கடிக்குப் பூசுவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உள்ள கைமருந்து. சளிக்கட்டுக்கு இலைச்சாறு கொடுக்கும் வழக்கமும் சித்த வைத்தியத்தில் உண்டு. அந்த அறிவை நான் மதிக்கிறேன். வெளிப்பூச்சு என்பது ஒரு விஷயம்; உள்ளுக்குக் குடிப்பதும் சுண்டலாக, இலைக்கஞ்சியாகச் சாப்பிடுவதும் வேறு விஷயம். இந்த இரண்டாவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதை ஒவ்வொரு வீடும் அறிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நம் இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைவிலிருந்து காக்கும் நொதியம் ஒன்று உண்டு. சுருக்கமாக ஜி6பிடி என்பார்கள். சிலருக்குப் பிறப்பிலேயே இது குறைவு. தாயிடமிருந்து மகனுக்கு வரும் குறைபாடு என்பதால் ஆண்களிடம் அதிகம் காணப்படும். மலேரியா நீண்ட காலம் வாட்டிய நாடுகளில் இந்தக் குறைபாடு கூடுதல், ஏனென்றால் அது மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016ல் அறிவித்துவிட்டது. ஆனால் பரம்பரையாக வந்த இந்தக் குணம் அதோடு போய்விடாது. குறைபாடு உள்ளவருக்கு அது இருப்பதே தெரியாது. சாதாரணமாக ஓடியாடித் திரிவார். சில மருந்துகள், அந்துருண்டை போன்றவை உடலில் சேர்ந்தால் மட்டும் சிவப்பணுக்கள் ஒரேயடியாக உடையத் தொடங்கும். குப்பைமேனியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதை உட்கொண்டபின் இப்படிப் பாதிக்கப்பட்டவர்களை இலங்கை வைத்தியர்கள் 1990களிலேயே மருத்துவ ஏடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள்.

குப்பைக்கீரையையும் குப்பைமேனியையும் பிரித்தறிய வேண்டும் என்று முன்னே சொன்னது இதற்காகத்தான். கீரைக்கட்டில் பற்கள் உள்ள இலை கலந்திருந்தால் எடுத்து எறியுங்கள். குடும்பத்தில் யாருக்காவது ஜி6பிடி குறைபாடு என்று முன்பு சொல்லியிருந்தால் அந்த வீட்டில் குப்பைமேனி உள்ளுக்கு வேண்டவே வேண்டாம். பச்சைக் குழந்தைக்கு அதன் சாறு கொடுக்காதீர்கள். யாருக்கும் உள்ளுக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், தகுதி பெற்ற சித்த வைத்தியரிடமோ வைத்தியசாலையிலோ கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சாப்பிட்டு ஓரிரு நாளில் சிறுநீர் தேத்தண்ணீர் நிறமாகவோ அதைவிடக் கறுப்பாகவோ போனால், கண் மஞ்சளித்தால், மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். போகும்போது அந்தச் செடியில் ஒரு கெட்டைக் கதிரோடு முறித்து எடுத்துப் போய், "இதைத்தான் சாப்பிட்டது" என்று வைத்தியரிடம் காட்டுங்கள். இலை வாடிப்போனாலும், பச்சைக் கிண்ணங்களோடு உள்ள அந்தக் கதிரைக் கொண்டு அது எந்தச் செடி என்று சொல்லிவிடலாம்.